உயரமான பையனை ரிங் அடியில் நிறுத்தாதீர்கள்: பிலிப்பைன்ஸில் புதிதாகக் கூடைப்பந்து பயிற்சி கொடுப்பவர்களுக்கு

பிலிப்பைன்ஸில் ஒரு பையன் 13 வயதில் 6 அடியைத் தொட்டுவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். தெருவில் யாராவது ஓர் அண்ணன் அவனைக் கூப்பிட்டு, ரிங்குக்குக் கீழே நிறுத்தி, "கையைத் தூக்கிக்கொண்டு நில், பந்து வந்தால் போடு" என்பார். சுற்றி இருப்பவர்கள் எல்லாம் 5 அடி 3, 5 அடி 4. அவன் கையை நீட்டினாலே புள்ளி. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடப் பார்த்தால் மட்டும் நாலாபுறமும் கத்துவார்கள்: "கீழே இறக்காதே, பிடுங்கிவிடுவார்கள்!"

அப்புறம் 18 வயதில், 6 அடி 3 அங்குலத்தில் வளர்த்தி நின்றுவிடும். ஊரில் அது பெரிய உயரம்தான். ஆனால் ஈரான், சீனா, ஆஸ்திரேலியா அணிகளோடு ஆடும்போது அது கார்டு ஆடுகிறவர்களின் உயரம், அதாவது பந்தைத் தட்டிக் கொண்டுவந்து வெளியிலிருந்து ஆட்டத்தை நடத்துகிறவர்களின் உயரம். நம் பையனுக்கோ கார்டு வேலை ஒன்றும் தெரியாது. ஐந்து வருஷம் அவனை யாரும் அதைச் செய்ய விட்டதில்லை.

நான் வேலை நிமித்தமாக லாகுனா மாகாணத்தில், கலாம்பாவில் இருக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே பராங்காய் கோர்ட். பராங்காய் என்றால் நம் ஊர் வார்டு மாதிரி, ஆட்சியின் கடைசிக் கண்ணி. ஊர்க்கூட்டம், தடுப்பூசி முகாம், புயல் வந்தால் தங்குமிடம் எல்லாமே அந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான். காலை ஐந்தரை மணிக்கு அங்கே பையன்களோடு நிற்கிறேன். என்னை 'கூயா' என்று கூப்பிடுவார்கள், அண்ணன் என்று அர்த்தம். அங்கே ஒரு 14 வயதுப் பையனோடு செய்து பார்த்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: முதலில் அளவெடுங்கள்

பந்தைத் தொடுவதற்கு முன்னால் பென்சிலை எடுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிறுத்தி, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மட்டமாக வைத்துக் கோடு போடுங்கள். எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். நாள் முழுக்க நின்று நடந்தால் முதுகெலும்புத் தட்டுகள் அமுங்கி, சாயங்காலத்துக்குள் 1 செ.மீ. வரை குறைந்துவிடும். மாதம் ஒருமுறை, அதே சுவர், அதே நேரம்.

அடுத்தது பெற்றோரின் உயரம். அப்பா உயரம், அம்மா உயரம் இரண்டையும் கூட்டி, அதோடு 13 செ.மீ. சேர்த்து, பாதியாக்குங்கள். பையனின் கடைசி உயரத்துக்கு ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். 8, 9 செ.மீ. முன்பின் இருக்கலாம். நான் பயிற்சி கொடுக்கும் அந்தப் பையனின் அப்பா 183, அம்மா 168. கணக்குப் போட்டால் 182. அவனோ 14 வயதிலேயே 185 செ.மீ. இருந்தான். எவ்வளவு தாராளமாகப் பார்த்தாலும் 190, 191 வரைதான் போவான். அதாவது 6 அடி 3. இந்தக் கணக்கை அவன் அம்மாவிடம் தாளில் போட்டுக் காட்டினேன். ஏழடி வளர்ந்து சென்டராக, ரிங் பக்கத்தில் ஆடுகிறவனாக வருவான் என்று நம்பியிருந்த வீடு அது. இங்கே புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் குழந்தைகள் எகிறி எகிறிக் குதிப்பார்கள், அப்படிக் குதித்தால் அந்த வருஷம் உயரமாவோம் என்று நம்பிக்கை. உயரத்தின் மேல் அவ்வளவு ஆசை. ஆனால் இந்தப் பையன் பெரியவனாகி நிற்கப்போவது வெளியே, மூன்று புள்ளிக் கோட்டருகே. அவனுக்கு வேண்டிய பயிற்சியும் அதற்கானதுதான்.

மாத அளவில் இன்னொரு பலனும் உண்டு. மாதத்துக்கு 0.7, 0.8 செ.மீ. ஏற ஆரம்பித்தால் அவன் வேகமாக வளரும் கட்டத்தில் இருக்கிறான். அப்போது கையும் காலும் அவனுக்கே புதிதாக இருக்கும். நேற்றுவரை பிடித்த பந்து இன்று நழுவும். திட்டாதீர்கள். குதிக்கும் பயிற்சிகளைப் பாதியாகக் குறையுங்கள். முழங்கால் சிப்பிக்குக் கொஞ்சம் கீழே, எலும்பு புடைத்த இடத்தில் தொட்டால் வலிக்கிறது என்றால் அது ஆஸ்குட்-ஷ்லாட்டராக இருக்கலாம். வளரும் பிள்ளைகளுக்கு, அதுவும் சிமென்ட் தரையில் ஆடுகிறவர்களுக்கு, அடிக்கடி வருவது. பொறுத்துக்கொண்டு ஆடச் சொல்லாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 2: கால்

உயரமானவன் மந்தமாகத்தான் இருப்பான் என்று பலர் தீர்மானித்துவிடுகிறார்கள். 1940களில் சிகாகோவின் டீபால் பல்கலைக்கழகத்துக்கு ஜார்ஜ் மைக்கன் வந்தபோதும் அப்படித்தான் நினைத்தார்கள். 6 அடி 10 அங்குலம், கண்ணாடி போட்ட, தட்டுத்தடுமாறும் பையன். கோச் ரே மேயர் அவரை ஸ்கிப்பிங் ஆட வைத்தார், குத்துச்சண்டைப் பயிற்சி கொடுத்தார், நடன வகுப்புக்குக்கூட அனுப்பினார். பிற்பாடு அந்தக் காலத்தின் மிகப்பெரிய ஆட்டக்காரர் அவர்தான்.

நீங்களும் ஸ்கிப்பிங் கயிற்றில் தொடங்குங்கள். 30 விநாடி ஆட்டம், 30 விநாடி ஓய்வு, ஆறு சுற்று. முதல் வாரம் கயிறு காலில் மாட்டிக்கொண்டே இருக்கும். பரவாயில்லை.

பிறகு நிற்கப் பழக்குங்கள். ஓடி வந்து இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தரையில் வைத்து, முட்டி மடக்கி, ஆடாமல் நிற்க வேண்டும். சத்தத்தைக் கவனியுங்கள். 'தடால்' என்று கேட்டால் குதிகாலில் இறங்குகிறான், அந்த அடி நேராக முழங்காலுக்குப் போகும். முன்பாதத்தில் இறங்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் சத்தம் பாதியாகிவிடும். இங்கே பையன்கள் சினெலாஸ், அதாவது ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டே அருமையாக ஆடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் குதித்து இறங்கும் பயிற்சிக்கு ஷூ கட்டாயம். இல்லாத பையனுக்கு ஒரு ஜோடி ஏற்பாடு செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அடுத்தது பிவட், அதாவது ஒரு காலை ஊன்றியபடியே உடலைத் திருப்புவது. இதில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். சாக்பீஸால் தரையில் ஒரு சின்ன வட்டம் வரைந்து, இடது முன்பாதத்தை அதற்குள் வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கால் சுழலலாம், வட்டத்தை விட்டு வெளியே வரக் கூடாது. வலது காலை முன்னால் வீசிக் கால்வாசிச் சுற்று, பின்னால் இழுத்துக் கால்வாசிச் சுற்று. பந்து தாடைக்குக் கீழே, முழங்கை இரண்டும் வெளியே. உயரமான பையன் முதலில் செய்யும் தப்பு, திரும்பும்போது முட்டியை நிமிர்த்திவிடுவது. நிமிர்ந்தவனை ஒரு குட்டைப் பையன் தோளால் லேசாகத் தள்ளினாலே நகர்ந்துவிடுவான். நான் அவன் தலைக்கு மேல் ஒரு துடைப்பக் குச்சியைப் பிடித்துக்கொள்வேன். தலை குச்சியில் பட்டால் அந்தச் சுற்று கணக்கில் இல்லை. இரண்டு காலிலும் தினம் 40 சுற்று. மூன்றாவது வாரம் அவனாகவே, "கூயா, இப்போது என்னைத் தள்ளிப் பாருங்கள்" என்றான். தள்ளினேன். அசையவில்லை.

படி 3: பந்து அவன் கையில் இருக்கட்டும்

உயரமான பையன் பந்தைத் தட்டினால் தரைக்கும் கைக்கும் நடுவே தூரம் அதிகம். பிடுங்குகிறவனுக்கு அந்த இடைவெளி போதும். அதற்காக டிரிப்ளிங்கையே நிறுத்திவிடக் கூடாது, உட்கார்ந்து தட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். பந்து முழங்காலுக்கு மேல் எழக் கூடாது, கண் பந்தைப் பார்க்கக் கூடாது. முன்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள், எத்தனை என்று அவன் சொல்லிக்கொண்டே தட்டட்டும். வலது கை 2 நிமிடம், இடது கை 3 நிமிடம். பிறகு கோர்ட்டின் 28 மீட்டரையும் போய் வரட்டும். 12 வயதுக்குக் கீழே என்றால் 5ஆம் நம்பர் பந்து, 2.60 மீட்டர் ரிங் போதும். பெரியவர்களின் பந்தையும் 3.05 மீட்டர் ரிங்கையும் கொடுத்தால் வீசி எறியத்தான் பழகுவார்கள்.

கூடவே ஒரு விதி போடுங்கள்: ரீபவுண்ட், அதாவது ரிங்கில் விழாமல் திரும்பி வரும் பந்தை எடுத்தவனே அதைக் கொண்டுபோக வேண்டும். கார்டு ஓடிவந்து கையை நீட்டினாலும் கொடுக்கக் கூடாது. முதல் ஒரு மாதம் பந்து பறிபோய்க்கொண்டே இருக்கும், மற்ற பையன்கள் முறைப்பார்கள். அந்த மாதத்தைத் தாண்டுங்கள். டி லா சால் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய கெவின் கியாம்பாவ் 6 அடி 6 அங்குலம். அவர் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துவதைப் பார்க்கச் சொல்லுங்கள். 2023, 2024 என இரண்டு வருஷமும் பல்கலைக்கழக லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

படி 4: பக்கத்திலிருந்து தூரத்துக்கு

ரிங்குக்கு அடியில் மைக்கன் பெயராலேயே ஒரு பயிற்சி இருக்கிறது. வலப்பக்கம் வலது கையால் போட்டு, வலையிலிருந்து விழும் பந்தைத் தரையில் படாமல் பிடித்து, இடப்பக்கம் இடது கையால் போட வேண்டும். பிடித்த பந்து தோளுக்குக் கீழே இறங்கவே கூடாது. ஒரு நிமிடத்தில் எத்தனை என்று எண்ணி எழுதி வையுங்கள்.

ஷூட்டிங்கை 1 மீட்டரிலிருந்து ஆரம்பியுங்கள். ஒற்றைக் கையால், போர்டில் படாமல், வரிசையாக 10 விழுந்த பிறகுதான் ஓர் அடி பின்னால். இப்படியே ஃப்ரீ த்ரோ கோடுவரை (ஃபவுலுக்குக் கிடைக்கும் வீச்சை எடுக்கும் கோடு) போக என் பையனுக்கு நாலு மாதம் ஆனது. மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர். அங்கிருந்து வீச எல்லாப் பையன்களுக்கும் ஆசைதான். ஆனால் வலுவில்லாமல் அங்கிருந்து வீசினால் தோளும் முழங்கையும் கோணிக்கொள்ளும், அதைப் பிறகு நேராக்குவது பெரும்பாடு. அவசரம் வேண்டாம்.

படி 5: பாஸ்

குட்டையானவனுக்குத் தெரியாத இடைவெளியெல்லாம் உயரமானவன் கண்ணுக்குத் தெரியும். தெரிந்ததைக் கையால் செய்யப் பழக்குவதுதான் நம் வேலை. மூன்றுக்கு மூன்று ஆட வையுங்கள், டிரிப்ளிங்கே கூடாது என்று சொல்லுங்கள். உயரமான பையனை ஃப்ரீ த்ரோ கோட்டருகே நிறுத்துங்கள், ஒவ்வொரு தடவையும் பந்து அவன் கை வழியாகத்தான் போக வேண்டும். பந்து வரும் முன்பே ஒருமுறை தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவனுக்கான விதி.

பிலிப்பைன்ஸ் அணிக்காக ஆடும், 7 அடி 3 அங்குலம் உள்ள கய் சோட்டோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2024 நவம்பரில் மனிலாவில் நியூசிலாந்தை பிலிப்பைன்ஸ் 93-89 என்று வென்றதே, அந்த ஆட்டத்தில் அவர் 19 புள்ளி, 10 ரீபவுண்டோடு 7 அசிஸ்டும் கொடுத்தார். ஏழடி மனிதர் ஏழு முறை மற்றவர்களைப் புள்ளி எடுக்க வைத்திருக்கிறார். அந்த ஏழையும் பையனோடு உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

ஜூன் மார் ஃபஹார்டோவை யாராவது எதிர்வாதமாகச் சொல்வார்கள். ரிங் பக்கத்தில் ஆடியே தொடர்ந்து 6 முறை இங்கே உள்ள தொழில்முறை லீக்கான பிபிஏவின் சிறந்த ஆட்டக்காரர் ஆனவர். உண்மைதான், எனக்கும் அவரை மிகப் பிடிக்கும். ஆனால் அவர் 6 அடி 10. உங்கள் பையன் எவ்வளவு வளர்வான் என்று சுவரில் இருக்கும் கோட்டைப் பாருங்கள்.

படி 6: டிஃபென்ஸ்

உயரமானவன் பந்தைத் தட்டிவிடக் கையை வீசி ஃபவுல் வாங்குவான். கையை நேர் மேலே தூக்கி, நின்ற இடத்திலேயே செங்குத்தாக எம்பச் சொல்லுங்கள். வெளியே வந்து சின்ன கார்டுகளைப் பக்கவாட்டு நடையில் மறிக்கவும் பழக்குங்கள். தினம் பத்து நிமிடம் போதும்.

படி 7: தட்டும் தூக்கமும்

இங்கேயும் நம்மைப் போலச் சோறு அதிகம், கூட வருவது குறைவு. ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், கோழி, பயறு இதில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். செலவில்லாத வழி வீட்டிலேயே இருக்கிறது. தினோலா என்று ஒரு கோழிச்சாறு, பப்பாளிக்காயும் மலுங்காய்க் கீரையும் போட்டது. மலுங்காய் வேறொன்றும் இல்லை, நம் முருங்கைதான். பாசிப்பயறிலும் அதே கீரையைப் போட்டு மொங்கோ செய்வார்கள். அவன் அம்மாவிடம் வாரத்துக்கு ஒருமுறை செய்வதை மூன்று முறையாக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

தூக்கம் 8 முதல் 10 மணி நேரம். ராத்திரி பன்னிரண்டு மணிவரை போனில் இருந்தவனைக் காலை ஐந்தரைக்குக் குதிக்க வைக்காதீர்கள், திருப்பி வீட்டுக்கு அனுப்புங்கள். எடை தூக்க இப்போது அவசரப்பட வேண்டாம். தன் உடல் எடையில் ஸ்குவாட், புஷ்-அப், ஒற்றைக் காலில் நிற்பது சரியாக வரட்டும். வாரத்தில் நான்கு நாள் பயிற்சி, ஒரு நாள் மேட்ச், இரண்டு நாள் முழு ஓய்வு.

படி 8: மேட்ச்சில் விட்டுக்கொடுக்காதீர்கள்

இதுதான் கஷ்டமான படி. பராங்காய் லீக் என்றால் ஊரே வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு புள்ளி பின்தங்கியதும் பின்னாலிருந்து "அவனை ரிங்குக்குக் கீழே போடு!" என்று குரல் வரும். ஆட்டம் தொடங்கும் முன்பே அணியிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள்: முதல் பாதி முழுக்க அவன் வெளியேதான் ஆடுவான்.

போன மாதம் நாங்கள் ஒரு மேட்ச் 11 புள்ளியில் தோற்றோம். மூன்றாவது கால்பகுதியில் என் பையன் ரீபவுண்டை எடுத்தான். கார்டு கையை நீட்டினான், இவன் கொடுக்கவில்லை. தாழக் குனிந்து இடது கையால் தட்டிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டினான், தோளுக்கு மேல் ஒருமுறை பார்த்தான், மூலையில் நின்ற 5 அடி 2 பையனுக்குப் பந்தை அனுப்பினான். அந்தப் பையன் வீசியது ரிங்கில் பட்டு வெளியே போய்விட்டது. இவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கைதட்டினேன். மறுநாள் காலை அளந்தபோது சுவரில் 187 இருந்தது.