இசிஎன் போட்டும் அடங்காத பாஸ் ஃபிரேம்கள்

சேமிப்பு சர்வர்கள் இருந்த ஸ்விட்சில் பாஸ் ஃபிரேம் (அனுப்புவதைச் சற்று நிறுத்தச் சொல்லும் செய்தி) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. நெரிசல் வந்தால் பாக்கெட்டில் குறியிட்டு, அனுப்புபவரை வேகம் குறைக்க வைக்கும் இசிஎன் (ECN) அமைத்திருந்தேன், ஆனால் குறியிட்ட பாக்கெட் கவுண்டர் பூஜ்யத்திலேயே நின்றது. இரண்டு நாள் கேபிளை மாற்றிப் பார்த்தது வீண்.

கோளாறு வரம்பில் இருந்தது. ஸ்விட்சில் பாக்கெட்கள் எவ்வளவு தேங்கினால் இசிஎன் குறியிடத் தொடங்கும் என்ற அளவு, பிஎஃப்சி (PFC, பாஸ் ஃபிரேம் மூலம் ஒரு வகைப் போக்குவரத்தை மட்டும் நிறுத்தும் முறை) பாஸ் அனுப்பும் அளவைவிட மேலே கிடந்தது. நெரிசலைச் சொல்வதற்குள் போக்குவரத்தே நின்றுவிடும். அனுப்பும் சர்வர் வேகத்தைக் குறைக்க வழியே இல்லை. இசிஎன்னின் குறைந்தபட்ச வரம்பை நன்றாகக் கீழே இறக்கினேன். ஐபி தலைப்பின் இசிஎன் பிட்டுகளில் 01 அல்லது 10 (இசிஎன் ஏற்கும் என்ற அடையாளம்) உள்ள பாக்கெட்தான் 11 (நெரிசல் குறி) ஆக மாறும் என்பதால், சர்வர் அந்த அடையாளத்தைப் போட்டு அனுப்புகிறதா என்றும் பிடித்துப் பார்த்தேன்.

குறிகள் ஏறின, பாஸ் அடங்கியது. இப்போது இரண்டு கவுண்டரையும் ஒரே வரைபடத்தில் வைத்திருக்கிறேன். பாஸ் முந்தினால் வரம்பை மறுபடி தொடுவேன்.