தெரபிக்குப் போகிறீர்களா? எல்லைப் பக்கத்துக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, மீனாட்சிபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு வைத்திய விஷயத்தில் ஒரு வசதி உண்டு. பாலக்காடு, பொள்ளாச்சி, கோயம்புத்தூர் என்று எந்த ஊருக்கும் போய் அன்றைக்கே திரும்பிவிடலாம். கண்ணுக்கு ஓர் ஊர், பல்லுக்கு ஓர் ஊர் என்று பழகிவிட்டோம். மனக்கஷ்டத்துக்குப் பேசியே சிகிச்சை தரும், தனியாக கிளினிக் வைத்திருக்கும் தெரபிஸ்டைத் தேடும்போதும் அதே பழக்கத்தில், இருப்பதிலேயே பெரிய பேர் யாருக்கு என்றுதான் விசாரிக்கிறோம். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கண் ஆபரேஷன் ஒரு நாளில் முடியும். தெரபி வாரம் ஒரு முறை, 45 நிமிடமோ ஒரு மணி நேரமோ, மாதக்கணக்கில் போகும். பரவலாகச் செய்யப்படும் சிபிடி முறையிலேயே (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்குவது) ஆறிலிருந்து இருபது செஷன் வரை ஆகலாம். ஒரு முறை போய்வந்து களைத்துப்போகும் கோயம்புத்தூரைவிட, பத்து முறை போகமுடிகிற நம் பாலக்காட்டுச் சித்தூரோ பொள்ளாச்சியோ மேல் என்பது என் கட்சி. மாலை ஆறு மணிக்கு அப்பாயிண்ட்மெண்ட் வாங்கிவிட்டு, கடைசி பஸ்ஸை நினைத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் என்னத்தைப் பேசுவது?

எல்லை தாண்டி வருகிறவர் என்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லாமல் செஷனை ரத்து செய்தால் ஃபீஸ் வாங்கும் தெரபிஸ்டுகள் நிறைய உண்டு. அது நியாயம்தான், அந்த நேரத்தை அவர் வேறு யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார். ஆனால் கேரளத்தில் ஹர்த்தால் என்றால் நமக்கு பஸ் கிடையாது, கோயம்புத்தூரில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. அன்றைக்கு வீடியோ காலில் பேசலாமா, ஃபீஸ் போகுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அடுத்தது மொழி. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, வில்லேஜ் ஆபீஸ் எல்லாவற்றையும் மலையாளத்தில் சமாளிக்கிறோம், தெரபியையும் சமாளித்துவிடலாம் என்று நினைப்பது பெரிய தவறு. வில்லேஜ் ஆபீஸில் யாரும் அழுவதில்லை. (சரி, சிலர் அழுதிருக்கலாம்.) அம்மா மேல் வருஷக்கணக்காக அடக்கி வைத்த கோபம் வாயில் வரும்போது தமிழில்தான் வரும். அதை மனதுக்குள் மலையாளமாக்கிச் சொல்வதற்குள் கோபம் ஆறி, வெறும் தகவலாகிவிடும். பாலக்காட்டில் தமிழ் புரிகிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள். "நான் தமிழிலேயே பேசுகிறேன், நீங்கள் மலையாளத்தில் பதில் சொன்னாலும் பரவாயில்லை, சரிவருமா?" என்று கேட்டுவிடுங்கள். நம் சந்தையில் பாதி வியாபாரம் அப்படித்தானே நடக்கிறது. அவர் தயங்கினால் தமிழ்க்காரர் ஒருவரைப் பாருங்கள், வீடியோ காலில் என்றாலும் சரி.

யாரிடம் போகிறோம் என்று தெரியாமலே போவதும் உண்டு. மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்பிபிஎஸ் முடித்து மேலே படித்தவர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுதமாட்டார், பேசிச் சிகிச்சை தருவார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதுதான் ஆர்சிஐ, பதிவு செய்திருக்க வேண்டும்; பதிவு எண்ணைக் கேட்டு, கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கவுன்சலர் என்று போர்டு மாட்டுவதற்கோ நடைமுறையில் பெரிய தடை எதுவும் இல்லை. அருமையான கவுன்சலர்கள் இருக்கிறார்கள்; வார இறுதி வகுப்புச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் போகவே வேண்டாம். தைராய்டு குறைபாடு இருந்தாலும் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரும் என்பதால், ரத்தப் பரிசோதனை செய்து நாளாகிவிட்டது என்றால் அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டும் கையில் இருக்கட்டும். தெரபி தொடங்கிவிட்டோமே என்று அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஃபீஸ் அவரவர் வைப்பதுதான். கேட்க வெட்கப்பட்டு, முதல் நாள் கொடுத்துவிட்டு, மூன்றாம் வாரம் போகாமல் நின்றுவிடுகிறவர்கள் அதிகம். ஒரு செஷனுக்கு எவ்வளவு என்று கேட்டு, பஸ் செலவையும் அரை நாள் கூலியையும் அதோடு கூட்டி, எட்டு செஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள். இடிக்கிறதா? வெளிப்படையாகச் சொல்லுங்கள், மாணவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் குறைத்து வாங்குகிறவர்கள் உண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாகவும் மாற்றிக்கொள்ளலாம். பத்து செஷனுக்கு மொத்தமாக முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று முதல் நாளே சொன்னால் அவசரப்படாதீர்கள். இன்சூரன்ஸை நம்பியும் இறங்க வேண்டாம். உடல்நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் நம்மிடம் இருக்கும் பாலிசிகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். வாராவாரம் போய்ப் பேசிவிட்டு வருவதற்கு ஓபிடி கவர், அதாவது படுக்காமல் பார்த்துவிட்டு வரும் வைத்தியத்துக்கான காப்பீடு, தனியாக இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் எல்லோரும் பயப்படுவது ரகசியத்துக்குத்தான். அது வீண் பயம் இல்லை. வாசலில் நிற்கும் ஸ்கூட்டரைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். முன்பு சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்கள் விவரங்களை ரகசியமாக வைப்பதை உரிமையாகவே தருகிறது. விதிவிலக்குகள் உண்டு: உங்களுக்கோ இன்னொருவருக்கோ உயிராபத்து என்றால் பேசவேண்டியவர்களிடம் பேசுவார்கள், குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆகவேண்டும். இவற்றை அவரே முதல் செஷனில் விளக்குவார், விளக்காவிட்டால் கேளுங்கள். ஆனால் சட்டம் பார்க்காத ஓட்டைகள் வீட்டில்தான் இருக்கின்றன. கணவரின் ஜிபேயில் ஃபீஸ் போனால் அவருக்கு எல்லாத் தேதியும் தெரியும். குழந்தைகள் விளையாடும் போனில் 'நாளை உங்கள் செஷன்' என்று வாட்ஸ்அப் வந்து நிற்கும். எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில், என்ன வார்த்தையில் மெசேஜ் அனுப்பலாம் என்பதை தெரபிஸ்டிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். "நான் அவளோட மாமியார், என்ன சொல்றா?" என்று போன் வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே ஆளைப் புரிந்துகொள்ளலாம். அண்ணனின் நண்பர், அத்தையின் தோழி என்று தெரிந்தவரிடம் போவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன், ஃபீஸே வேண்டாம் என்றாலும்.

முதல் செஷன் பெரும்பாலும் கேள்விகளிலேயே போய்விடும். "ஒண்ணுமே சொல்லலையே, இதுக்கா இவ்வளவு பணம்?" என்று அதோடு நிறுத்திவிடாதீர்கள். என்ன செய்யவேண்டும் என்று உத்தரவு போடுவது அவர் வேலையும் இல்லை. மூன்று நான்கு முறை போய்ப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் மாறலாம். உங்களையே குற்றம் சொல்கிறார், சாதியையோ ஜாதகத்தையோ இழுக்கிறார், மற்ற நோயாளிகளின் கதையை உங்களிடம் சொல்கிறார் என்றால் அத்தனை நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். தொட்டாலோ ஆபாசமாகப் பேசினாலோ அன்றே வெளியே வந்து, புகாரும் கொடுங்கள்.

தனி கிளினிக்கில் இருப்பது ஒரே ஒருவர். நள்ளிரவில் அவர் போன் எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். உயிருக்கே ஆபத்து என்றால் நேராகப் பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

நிறுத்துவது என்று முடிவானால் போனை எடுக்காமல் மறைந்துவிடாமல், சொல்லிவிட்டு ஒரு கடைசி செஷனுக்குப் போங்கள். கல்யாணமாகி பொள்ளாச்சிப் பக்கம் போகிறீர்கள், அல்லது வேலை மாறி எர்ணாகுளம் போகிறீர்கள் என்றால் இதுவரை என்ன செய்தோம் என்று ஒரு பக்கக் குறிப்பு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே பார்க்கப்போகிறவர் மலையாளியா தமிழரா என்று தெரியாததால், அதை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்வது வசதி.