பெட்டிங் கம்பெனியோட ஜாதகத்தை நாமளே பார்க்கிறது எப்படி: பெட்ஆன்ஸ்போர்ட்ஸை வச்சு ஒரு பிராக்டிஸ்

அக்கா பையன் வாட்ஸ்அப்ல ஒரு ஆஃபர் லெட்டர் அனுப்பியிருந்தான். ஸ்போர்ட்ஸ் பெட்டிங் கம்பெனி, கஸ்டமர் சப்போர்ட் வேலை, வீட்ல இருந்தே பார்க்கலாம், சம்பளமும் பரவால்ல, லெட்டருக்கு அடியில லைசென்ஸ் நம்பர் எல்லாம் போட்டிருக்கு. "லைசென்ஸ் இருக்குல்ல மாமா, அப்ப சேஃப் தானே"ன்னு கேக்குறான். ஒரே வரியில பதில் சொல்ல முடியல, அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன். வேலைக்குப் போறவங்க, ஷேர் வாங்கப் பார்க்கிறவங்க, சேனல்ல ப்ரமோஷன் பண்ணக் கூப்பிட்ட உடனே தலையாட்டுறவங்க எல்லாருக்கும் இது ஆகும்.

உயிரோட ஓடிட்டு இருக்கிற கம்பெனியை எடுத்தா எல்லாம் பளபளன்னுதான் தெரியும், அதனால கதை முடிஞ்சுபோன ஒண்ணை வச்சுப் பழகலாம். பெட்ஆன்ஸ்போர்ட்ஸ். லண்டன்ல லிஸ்ட் ஆன கம்பெனி, வேலை நடந்தது கோஸ்டாரிகாவுல, கஸ்டமர் மொத்தமும் அமெரிக்காவுல. இந்த மூணு ஊரையும் மனசுல வச்சுக்கோங்க.

முதல்ல ஒரு வெள்ளைத்தாள் எடுத்து நடுவுல ஒரு கோடு போடுங்க. இடது பக்கம் "ஆபீஸ் எங்க", வலது பக்கம் "பணம் எங்க இருந்து வருது". அப்புறம் வருஷ வாரியா ரெண்டு பக்கமும் நிரப்புங்க. ஆரம்பிச்சவர் கேரி கேப்ளன், நியூயார்க்ல 1990கள் ஆரம்பத்துல புக்கியா இருந்தவர். 1993ல அங்க சூதாட்டக் கேஸ்ல அரெஸ்ட் ஆனதும் கடையை ஃப்ளோரிடாவுக்கு மாத்துறார், அப்புறம் அமெரிக்காவை விட்டே வெளிய போய் கடைசியில கோஸ்டாரிகாவுல செட்டில் ஆகுறார். இடது பக்கம் அடிச்சு அடிச்சு எழுத வேண்டியிருக்கும், வலது பக்கம் பார்த்தா மேலேர்ந்து கீழ வரைக்கும் "அமெரிக்கா, அமெரிக்கா, அமெரிக்கா"ன்னு ஒரே வார்த்தை. 2004ல வந்த பந்தயப் பணம் 125 கோடி டாலர், அதுல 98 சதவீதம் அமெரிக்கர்கள் போட்டது. ஆபீஸ் நகர்ந்துட்டே இருந்து கஸ்டமர் மட்டும் அதே இடத்துல இருந்தா, அந்தக் கம்பெனி எந்த ஊர் சட்டத்துக்குப் பயந்து ஓடுதுன்னு வலது பக்கத்தைப் பார்த்தே சொல்லிடலாம்.

லைசென்ஸ் பத்தி இங்கயே சொல்லிடுறேன். அந்தக் காலத்து கோஸ்டாரிகாவுல ஆன்லைன் பெட்டிங்குக்குன்னு தனி லைசென்ஸே கிடையாது, சாதாரண பிசினஸ் பர்மிட்லதான் இந்த ஆபீஸெல்லாம் ஓடுச்சு. அதனால "லைசென்ஸ் உண்டு"ன்னு எழுதியிருந்தா யார் குடுத்தது, அவங்க எந்த ஊர்க்காரங்ககிட்ட பந்தயம் வாங்க அனுமதிச்சாங்க, இந்த ரெண்டு கேள்வியையும் கேளுங்க. பல கம்பெனி முதல் கேள்விக்கு மட்டும் பதில் வச்சிருக்கும்.

அடுத்தது ஷேர் டாக்குமென்ட். பெட்ஆன்ஸ்போர்ட்ஸ் 2004 ஜூலையில லண்டன்ல ஏஐஎம்ங்கிற சின்ன கம்பெனிங்களுக்கான மார்க்கெட்ல லிஸ்ட் ஆச்சு. இந்த மாதிரி டாக்குமென்ட்டை முன்னாடிலேர்ந்து படிக்காதீங்க, சேர்மன் கோட்டு போட்ட போட்டோ, வளர்ச்சி கிராஃப் எல்லாம் தாண்டி "ரிஸ்க்"னு போட்ட பக்கத்துக்கு நேரா போங்க. அமெரிக்க அரசு இந்தத் தொழிலை சட்டவிரோதம்னு நினைக்குதுங்கிறதை அந்தக் கம்பெனியே அதுல எச்சரிக்கையா சொல்லியிருந்துச்சு. வாங்கினவங்க படிக்கலையா, இல்ல படிச்சும் "அவங்க எங்க வந்து பிடிக்கப் போறாங்க"ன்னு நினைச்சாங்களா, எனக்கு ரெண்டாவதுன்னுதான் தோணுது. அப்புறம் விக்கிறது யாருன்னு பாருங்க, கம்பெனி புது ஷேர் வெளியிட்டு தொழிலுக்குப் பணம் திரட்டுதா, இல்ல ஆரம்பிச்சவர் தன் கையில இருக்கிறதை வித்துட்டு நகர்றாரா. கேப்ளன் கேஸ்ல, வித்த பணம் 10 கோடி டாலருக்கு மேல ஸ்விஸ் பேங்க் அக்கவுன்ட்டுக்குப் போச்சுன்னு அமெரிக்க அரசுத் தரப்பு சொன்னுச்சு. சமையல்காரரே சாப்பிடாம எழுந்து போற பந்தியில நாம போய் இலை போடுறதா?

மூணாவது, பழைய விளம்பரம். வேபேக் மெஷின் ஃப்ரீதான், கம்பெனி வெப்சைட் முகவரியைப் போட்டு பழைய வருஷங்களைத் தட்டிப் பாருங்க, முகப்புல என்ன வார்த்தை போட்டிருந்தாங்க, அது எப்ப காணாமப் போச்சுன்னு தெரியும். பெட்ஆன்ஸ்போர்ட்ஸ் மேல வந்த கேஸ்ல பந்தயம் வாங்கினது ஒரு குற்றம்னா, "இது சட்டப்படி சரி, லைசென்ஸ் உண்டு"ன்னு அமெரிக்கர்கள்கிட்ட விளம்பரம் பண்ணது மோசடின்னு தனியா சேர்த்தாங்க. அதாவது பந்தயச் சட்டம் 1961லேர்ந்து இருக்கிற வயர் ஆக்ட், ஃபோன் லைன்ல புக்கிங்க பந்தயம் வாங்குறதைத் தடுக்கப் போட்டது, அது இன்டர்நெட்டுக்குப் பொருந்துமான்னு வக்கீல்கள் மணிக்கணக்கா வாதாடலாம், ஆனா பொய் விளம்பரத்துக்கு அந்த மாதிரி வாதாட அவ்வளவா இடம் இல்ல.

நாலாவது கோர்ட் பேப்பர், இதுல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க. அமெரிக்க ஃபெடரல் கேஸ்னா பேசர்னு ஒரு சைட், ஒரு பக்கத்துக்கு 10 சென்ட், மூணு மாசத்துல 30 டாலர் தாண்டலைன்னா பில்லே வராது. கோர்ட்லிசனர்னு இன்னொரு சைட்ல நிறைய ஃபைல் இலவசமாவே கிடைக்கும். இந்தக் கேஸ் மிசூரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் கோர்ட், குற்றச்சாட்டு 22, ஆளுங்க 11 பேர், கம்பெனி 4. அரசு பறிமுதல் பண்ணக் கேட்டது 450 கோடி டாலர்! பேப்பர்ல தலைப்பா வந்தது அந்த நம்பர்தான். ஆனா 2009 நவம்பர்ல கேப்ளனுக்கு தண்டனை குடுத்தப்ப 51 மாசம் ஜெயில், பறிமுதல் 4 கோடியே 36.5 லட்சம் டாலர். அதனால குற்றப்பத்திரிகையை மட்டும் படிச்சுட்டு வீடியோ போட்டுடாதீங்க, அது அரசுத் தரப்போட ஆசை. கடைசியில குற்றத்தை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுக்கிற ஒப்பந்தம் ஒண்ணு இருக்கும், ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட விஷயம் அதுல மட்டும்தான் இருக்கும்.

கம்பெனியோட பெரிய தலைங்க எந்த ஊருக்குப் போறாங்க, எந்த ஊரைத் தவிர்க்கிறாங்கன்னும் ஒரு கண்ணு வைங்க, சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். சிஇஓ டேவிட் கேரதர்ஸ் பிரிட்டிஷ்காரர், அமெரிக்கா இதை முறைப்படுத்தி வரி போட்டு வாங்கிக்கணும்னு வெளிப்படையாப் பேசிட்டு இருந்தவர். 2006 ஜூலை 16, லண்டன்லேர்ந்து கோஸ்டாரிகா போற வழியில டல்லாஸ்ல விமானம் மாறணும், கூட மனைவி. அங்கயே பிடிச்சுட்டாங்க. வேற ஊர் வழியா டிக்கெட் போட்டிருந்தா கதை எப்படிப் போயிருக்குமோ. ரெண்டே நாள்ல லண்டன்ல ஷேர் நிறுத்தம், ரெண்டு வாரத்துக்குள்ள அவர் பதவியும் போச்சு. 2009ல குற்றத்தை ஒத்துக்கிட்டு 2010 ஜனவரியில 33 மாசம் தண்டனை வாங்கினார். கேப்ளனை 2007 மார்ச்ல டொமினிகன் ரிபப்ளிக்ல பிடிச்சாங்க. அதே 2006 செப்டம்பர்ல ஸ்போர்ட்டிங்பெட்ங்கிற இன்னொரு பெட்டிங் கம்பெனியோட சேர்மன் பீட்டர் டிக்ஸை நியூயார்க் ஏர்போர்ட்ல லூசியானா வாரன்ட்ல பிடிச்சாங்க, ஆனா அவரை லூசியானாவுக்கு அனுப்ப நியூயார்க் கவர்னர் கையெழுத்துப் போட மறுத்ததால அவர் வீடு போய்ச் சேர்ந்தார். எந்த மாநிலம், எந்தக் கோர்ட்டுங்கிறது அவ்ளோ முக்கியம்.

இப்ப பணம் போற குழாய். 2006 அக்டோபர் 13ல புஷ் கையெழுத்துப் போட்ட யுஐஜிஇஏ சட்டம், துறைமுகப் பாதுகாப்பு மசோதா வாலுல கட்டி நிறைவேத்தினது, பந்தயம் போடுறவனைத் தொடவே இல்ல, பந்தயக் கம்பெனிக்குப் பணம் போய்ச் சேர்ற வழியைத்தான் அடைச்சுச்சு. மசோதா நிறைவேறின செய்தி வந்த அக்டோபர் 2ஆம் தேதி லண்டன்ல பார்ட்டிகேமிங்ங்கிற ஆன்லைன் போக்கர் கம்பெனியோட ஷேர் ஒரே நாள்ல 58 சதவீதம் காலி. ஸ்போர்ட்டிங்பெட் தன்னோட அமெரிக்க பிசினஸை ஒரு டாலருக்கு வித்துச்சு, ஆமா ஒண்ணே ஒண்ணு. பணம் கைமாத்துற வேலை பார்த்த நெட்டெல்லரை ஆரம்பிச்ச ரெண்டு பேரை 2007 ஜனவரியில தூக்கினாங்க, அந்தக் கம்பெனி 13.6 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிச்சு. பார்ட்டிகேமிங்கை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் நம்ம டெல்லி ஐஐடி அனுராக் தீட்சித், அவர் தானா போய் குற்றத்தை ஒத்துக்கிட்டு 30 கோடி டாலர் கட்டினார், ஜெயிலுக்குப் போகல. ஸோ எந்தக் கம்பெனியைப் பார்த்தாலும் டெபாசிட் யார் பேர்ல போகுதுன்னு ஒருதடவை பாருங்க, அந்தப் பேர் வாரா வாரம் மாறினா குழாய் ஏற்கெனவே அடைபட ஆரம்பிச்சாச்சு.

மாட்டினது முதலாளிங்க மட்டும்னு நினைக்காதீங்க. கோர்ட் தடை வந்ததும் பெட்ஆன்ஸ்போர்ட்ஸ்ல பணம் போட்டு வச்சிருந்த கஸ்டமர்கள் எடுக்க முடியாம நின்னாங்க, கோஸ்டாரிகாவுல பெரிய ஸ்டாஃப் கூட்டத்துக்கு வேலை போச்சு. கம்பெனி 2007 மே மாசமே குற்றத்தை ஒத்துக்கிச்சு. கொடுமை என்னன்னா, 2018 மே 14ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் மர்ஃபி வழக்குல தீர்ப்பு குடுத்து, விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்களே அனுமதிச்சுக்கலாம்னு ஆச்சு. இன்னைக்கு அதே நாட்டுல ஃபேன்டூயல், டிராஃப்ட்கிங்ஸ் மாதிரி பெட்டிங் கம்பெனி விளம்பரம் இல்லாம மேட்சே பார்க்க முடியாது. கேரதர்ஸ் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான், என்ன, பன்னெண்டு வருஷம் சீக்கிரம் கேட்டுட்டார்.

சரி, அக்கா பையன் மேட்டர். அவனையே தாள் எடுத்து கோடு போடச் சொன்னேன். இடது பக்கம் குராசோன்னு எழுதினான், எங்க இருக்குன்னு மேப்ல தேடிட்டு, கரீபியன் கடல்ல ஒரு சின்னத் தீவு. வலது பக்கம் இந்தியா. 2025 ஆகஸ்ட்ல வந்த ஆன்லைன் கேமிங் சட்டத்துல பண விளையாட்டு நடத்தினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு கோடி வரை அபராதம், விளம்பரம் பண்ணினா 2 வருஷம், 50 லட்சம், பணப் பரிமாற்றம் பண்ணிக் குடுக்கிறவங்களுக்கும் தண்டனைன்னு காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான், அப்புறம் "டெபாசிட் வரலைன்னு கேக்குறவங்களுக்கு புது யுபிஐ ஐடி அனுப்புறதும் என் வேலைதானாம் மாமா"ன்னான். இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல! பிகாம் முடிச்சிருக்கான், டேலி தெரியும், யாருக்காச்சும் ஆள் தேவைன்னா சொல்லுங்க.