பாமிர் ரோட்டுல சைக்கிள் ஓட்டப் போறீங்களா? டீக்கு கூப்பிட்டா இப்படி செய்யுங்க

தஜிகிஸ்தான்ல பாமிர் ஹைவே, அதான் எம்41, அதுல சைக்கிள்ல போறவங்க எல்லாரும் 4655 மீட்டர் அக்பைட்டல் கணவாய பத்தியே யோசிப்பீங்க, ஆனா வழியில இருக்கிற ஊர்க்காரங்களோட எப்படி பழகணும்னும் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க. வீட்டுக்குள்ள கூப்பிட்டா மொதல்ல வலது கைய நெஞ்சுல வச்சு லேசா தலை குனிஞ்சு பரவாயில்லன்னு சொல்லுங்க, மரியாதைக்கு கூப்பிட்டவங்க அதோட விட்டுடுவாங்க, திரும்ப திரும்ப கூப்பிட்டா நிஜமாவே ஆசையா கூப்பிடுறாங்க, தயங்காம போங்க. ஷூவ வாசல்லயே கழட்டிடணும். வட்ட ரொட்டி வைப்பாங்க, அத கவுத்து மட்டும் வைக்கவே கூடாது, கையால பிச்சு சாப்பிடுங்க. ஷிர்ச்சாய்னு ஒரு பால் டீ, சர்க்கரைக்கு பதிலா உப்பும் வெண்ணெயும் போட்டிருப்பாங்க, குளிர்ல மேடு ஏறி வந்த உடம்புக்கு அப்படி ஒரு தெம்பு! கிளம்பும்போது காசு நீட்டினா நிறைய பேர் வாங்க மாட்டாங்க, அதனால டீத்தூள், பிஸ்கட்னு ஏதாவது முர்காப், கோரோக் மாதிரி ஊர்லயே வாங்கி பையில போட்டுக்கோங்க, நடுவுல கடை ரொம்ப கம்மி. ஹோம்ஸ்டேன்னா அது அவங்க பொழப்பு, ரேட்ட முன்னாடியே கேட்டு முழுசா குடுத்துடுங்க, பேரம் பேசாதீங்க.