வாஷிங்டன் மாநிலத்தில் உங்கள் சட்டமன்றத் தொகுதி: முதன்முறை வாக்களிப்பவர்களுக்கான வழிகாட்டி

குடியுரிமை வாங்கிய புதிதில் எல்லோரும் அதிபர் தேர்தலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மாநிலத் தலைநகரான ஒலிம்பியாவில் கூடும் மாநிலச் சட்டமன்றத்துக்கு நம் சார்பில் யார் போகிறார் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் பிள்ளைகளின் பள்ளிக்கு எவ்வளவு பணம் போகும், குழந்தை பிறந்தால் சம்பளத்தோடு எத்தனை வாரம் விடுப்பு, கடையில் மாநில விற்பனை வரி எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. பள்ளிகளுக்குப் போதிய பணம் ஒதுக்கவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்தது. அப்படியும் வேலை நகரவில்லை என்பதால் 2015-ல் நாளொன்றுக்கு 1,00,000 டாலர் அபராதம் விதித்தது. வழக்கு முடிய 2018 ஆனது. இத்தனை அதிகாரம் உள்ள அவையைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஒருமுறை பொறுமையாகத் தெரிந்துகொள்வோம்.

நான் சொல்வது சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தைப் பற்றி. தலைநகர் வாஷிங்டன் டி.சி. வேறு. மற்ற மாநிலங்களில் முறையும் வேறு.

படி 1: உங்களுக்கு வாக்குரிமை இருக்கிறதா?

அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், இந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எச்1பி விசாவில் இருந்தாலும் கிரீன் கார்டு இருந்தாலும் வாக்காளராகப் பதிவு செய்யவே கூடாது. லைசென்ஸ் எடுக்கப் போகும்போது ஏதோ ஒரு படிவத்தில் "குடிமகன்" என்ற கட்டத்தைத் தெரியாமல் டிக் செய்துவிட்டால்கூட, பின்னால் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகிவிடும், நாடு கடத்தும் அளவுக்கும் போகலாம். புரியாத கேள்விக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

தகுதி இருந்தால் மாநிலத்தின் வாக்காளர் இணையதளத்திலேயே பதிவு செய்துவிடலாம். இணையம் வழியாகவோ தபாலிலோ பதிவு செய்வதானால் தேர்தலுக்கு 8 நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். அதைத் தவறவிட்டால், தேர்தல் நாள் இரவு 8 மணி வரை கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) தேர்தல் அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பதிவு செய்து வாக்களிக்கலாம். வீடு மாறினால் முகவரியை மாற்ற மறக்காதீர்கள். தொகுதியே மாறியிருக்கக்கூடும்.

படி 2: தொகுதி எண்ணைக் கண்டுபிடியுங்கள்

மாநிலத்தில் மொத்தம் 49 சட்டமன்றத் தொகுதிகள். நம் ஊர்த் தொகுதிகளைப் போல இவற்றுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நகர எல்லையும் தொகுதி எல்லையும் ஒன்றல்ல. பெல்வியூவின் வடபகுதி 48-வது தொகுதியிலும் தென்பகுதி 41-வது தொகுதியிலும் இருக்கிறது. ரெட்மண்டை 45-ம் 48-ம் பங்கு போட்டுக்கொள்கின்றன. நண்பரின் தொகுதிதான் எனக்கும் என்று நினைத்துக்கொள்ளாமல், வாக்காளர் இணையதளத்தில் உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் கொடுத்துப் பாருங்கள்.

அங்கே பல எண்கள் வரும். அதில்தான் பலர் குழம்புகிறார்கள். டி.சி.யில் இருக்கும் காங்கிரஸுக்கான, அதாவது நாட்டின் நாடாளுமன்றத்துக்கான, தொகுதி எண் வேறு, மாநிலச் சட்டமன்றத் தொகுதி எண் வேறு. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2015 முதல் 2016 வரை 37-வது சட்டமன்றத் தொகுதியின் மாநில செனட்டர். 2017 முதல் 7-வது காங்கிரஸ் தொகுதியின் உறுப்பினராக டி.சி.யில் இருக்கிறார். ஒலிம்பியாவுக்கு அனுப்பியது ஒரு வரைபடம், டி.சி.க்கு அனுப்பியது இன்னொரு வரைபடம்.

இந்த எல்லைகளை யார் வரைகிறார்கள் என்பது முக்கியம். பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் தனி ஆணையம் ஒன்று வரைகிறது. சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் உள்ள இரண்டு பெரிய கட்சிகளின் தலைவர்கள் நால்வரும் ஆளுக்கு ஓர் உறுப்பினரை நியமிப்பார்கள். அந்த நால்வரும் வாக்குரிமை இல்லாத ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். நாலில் மூன்று பேர் சம்மதித்தால்தான் வரைபடம் நிறைவேறும், ஆகவே ஒரு கட்சி மட்டும் நினைத்து எதுவும் செய்ய முடியாது. இதை நான் இந்த மாநிலத்தின் நல்ல ஏற்பாடுகளில் ஒன்றாக மதிக்கிறேன். ஆனாலும் குறையில்லாதது அல்ல. யாக்கிமா பள்ளத்தாக்குப் பகுதியில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மக்களின் வாக்குப் பலம் குறைக்கப்பட்டது என்று வழக்கு நடந்து, 2024-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அங்கே எல்லைகளை மாற்றியது.

படி 3: ஒரு தொகுதி, மூன்று பேர்

தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு ஒரு எம்.எல்.ஏ. இங்கே மூன்று பேர்: ஒரு செனட்டர், இரண்டு பிரதிநிதிகள். செனட்டில் 49 பேர், பிரதிநிதிகள் அவையில் 98 பேர். செனட்டருக்குப் பதவிக்காலம் 4 ஆண்டு, பிரதிநிதிகளுக்கு 2 ஆண்டு. இரட்டைப்படை ஆண்டுகளில் எல்லாத் தொகுதிகளிலும் பிரதிநிதிகள் தேர்தல் நடக்கும், செனட் இடங்களில் பாதிக்குத்தான் நடக்கும். எனவே உங்கள் வாக்குச்சீட்டில் செனட்டர் போட்டி இல்லையென்றால் பதறாதீர்கள்.

இரண்டு பிரதிநிதிகளும் ஒரே பட்டியலிலிருந்து முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் அல்ல. "பொசிஷன் 1", "பொசிஷன் 2" என்று இரண்டு தனித்தனிப் போட்டிகள். வேட்பாளர் எதில் நிற்கிறார் என்று மனு கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். நீங்கள் இரண்டிலும் தலா ஒருவருக்கு வாக்களிக்கலாம், இரண்டுக்குமே முழுத் தொகுதியும் வாக்களிக்கும்.

படி 4: ஆகஸ்ட்டை விட்டுவிடாதீர்கள்

மே மாதத்தில் வேட்பு மனு. பதவியின் ஆண்டுச் சம்பளத்தில் 1 சதவீதம் கட்டணம். ஆகஸ்ட் முதல் செவ்வாய்க்கிழமை பிரைமரி தேர்தல். நவம்பர் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் இறுதித் தேர்தல்.

பல மாநிலங்களில் பிரைமரி என்றால் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது. இங்கே அப்படி இல்லை. 2004-ல் வாக்காளர்களே நிறைவேற்றி, வழக்குகளைத் தாண்டி 2008 முதல் நடைமுறையில் இருக்கும் முறை இது: எல்லாக் கட்சியினரும் ஒரே பட்டியலில் இருப்பார்கள், யாரும் யாருக்கும் வாக்களிக்கலாம், கட்சி எதுவானாலும் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மட்டும் நவம்பருக்குப் போவார்கள். சீட்டில் வேட்பாளர் பெயருக்குக் கீழே "இந்தக் கட்சியை விரும்புகிறார்" என்றுதான் இருக்கும். அது வேட்பாளர் தானாகச் சொல்லிக்கொள்வது, கட்சி கொடுத்த டிக்கெட் அல்ல. ஒரே கட்சிக்காரர்கள் இருவர் நவம்பரில் மோதுவதும் நடக்கும்.

இதன் விளைவை 2024-ல் மாநிலமே பார்த்தது. அரசு நிலங்களுக்கான ஆணையர் பதவிக்கு மாநிலம் முழுக்க நடந்த பிரைமரியில் 7 பேர் நின்றார்கள்: 5 ஜனநாயகக் கட்சியினர், 2 குடியரசுக் கட்சியினர். ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களின் வாக்கு ஐந்தாகச் சிதறியது. சுமார் 19 லட்சம் வாக்குகளில், கையால் மறு எண்ணிக்கை செய்து பார்த்தபோது, இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் வித்தியாசம் 49 வாக்கு. அந்த 49 மாறியிருந்தால் நவம்பரில் இரண்டு குடியரசுக் கட்சியினர் மட்டுமே இருந்திருப்பார்கள். இரண்டாம் இடத்தில் தப்பிய டேவ் அப்தெக்ரோவ்தான் கடைசியில் ஜெயித்து ஆணையர் ஆனார். சட்டமன்றத் தொகுதிக்கும் இதே கணக்குதான், அங்கே வாக்காளர்கள் இன்னும் குறைவு. ஆகஸ்ட்டில் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் சீட்டு வேறு முகவரிக்கு வர ஏற்பாடு செய்யலாம், இணையத்தில் அச்செடுத்தும் நிரப்பலாம். தயவுசெய்து செய்யுங்கள்.

படி 5: சீட்டை நிரப்பி அனுப்புவது

வாக்குச்சாவடி, வரிசை, விரலில் மை எதுவும் கிடையாது. தேர்தலுக்கு 18 நாள் முன்பே சீட்டைத் தபாலில் அனுப்பிவிடுவார்கள். மேஜையில் வைத்து, ஒவ்வொரு பெயராகத் தேடிப் படித்து முடிவு செய்யலாம். வேட்பாளருக்கு யார் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்பதை மாநிலத்தின் பொது வெளிப்படுத்தல் ஆணையத்தின் தளத்தில் பார்க்கலாம். வாக்காளர் கையேட்டில் வேட்பாளர் தன்னைப் பற்றி எழுதியிருப்பதை விட அது நிறையச் சொல்லும்.

அப்புறம் உறையில் கையெழுத்து. இதில்தான் நம்மவர்கள் மாட்டுகிறார்கள். லைசென்ஸில் ஆங்கிலத்தில் இனிஷியலோடு போட்டுவிட்டு, உறையில் தமிழில் போட்டால் ஒத்துப்போகாது. பதிவில் உள்ளபடியே போடுங்கள். பொருந்தவில்லை என்றால் கவுன்ட்டியிலிருந்து கடிதம் வரும். உடனே பதில் அனுப்பினால் வாக்கு எண்ணப்படும், கடிதத்தைக் குப்பைத் தபால் என்று போட்டுவிட்டால் எண்ணப்படாது.

தபால்தலை தேவையில்லை. தபாலில் போட்டால் தேர்தல் நாளுக்குள் முத்திரை விழ வேண்டும், ஆனால் தபால் பெட்டியில் போட்ட அன்றே முத்திரை விழும் என்று சொல்ல முடியாது. கடைசி வாரம் ஆகிவிட்டதென்றால் நூலகம், நகர மன்றம் பக்கத்தில் இருக்கும் டிராப் பாக்ஸில் (வாக்குச்சீட்டு போடுவதற்கென்றே வைத்த பெட்டி), தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் போட்டுவிடுங்கள்.

படி 6: எண்ணிக்கை

முதல் முடிவு அன்றிரவே வரும், ஆனால் அது பாதிக் கதைதான். தாமதமாக வந்த சீட்டுகளை எண்ண எண்ண முன்னிலை மாறலாம். நவம்பர் தேர்தலில் கவுன்ட்டிகள் 21-வது நாள் முடிவை உறுதி செய்யும். வித்தியாசம் 2,000 வாக்குக்கும் 0.5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் இயந்திர மறு எண்ணிக்கை தானாக நடக்கும்.

படி 7: நடுவில் இடம் காலியானால்

இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. உறுப்பினர் விலகினால் உடனே இடைத்தேர்தல் கிடையாது. அவருடைய கட்சியின் வட்டார நிர்வாகிகள் மூன்று பெயர்களைப் பரிந்துரைப்பார்கள். ஒரே கவுன்ட்டிக்குள் இருக்கும் தொகுதி என்றால் அந்தக் கவுன்ட்டி மன்றம் அதிலிருந்து ஒருவரை நியமிக்கும். 48-வது தொகுதி செனட்டர் பாட்டி குடரர் 2024-ல் மாநிலக் காப்பீட்டு ஆணையராக ஜெயித்தார். அவர் இடத்துக்கு 2025 ஜனவரியில் பிரதிநிதி வந்தனா ஸ்லாட்டரை நியமித்தார்கள். அதனால் காலியான ஸ்லாட்டரின் இடத்துக்கு உஸ்மான் சலாஹுதீனை நியமித்தார்கள். பொதுமக்கள் வாக்களிக்காமலே ஒரு தொகுதியின் மூன்று உறுப்பினர்களில் இருவர் மாறினார்கள்.

அந்த மூன்று பெயர்களைப் பரிந்துரைக்கும் நிர்வாகிகளையும் நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். இரட்டைப்படை ஆண்டு ஆகஸ்ட் சீட்டின் கடைசியில், சில தெருக்கள் மட்டுமே அடங்கிய உங்கள் வட்டாரத்தில் ஒருவருக்கு மேல் போட்டியிட்டால் அந்தப் பதவி இருக்கும். வேட்பு மனு வாரத்தில் நீங்களே அதற்கு நிற்கலாம்.