‘புதிது’ எந்த ஊர்? ஜாங்கோவில் யூஆர்எல் வரிசையைச் சோதிக்கும் முறை

கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு, கேரள-தமிழ்நாடு எல்லையோர பஸ் நேரங்களுக்காக ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வலைத்தளம் கட்டும் கருவி) ஒரு சின்னத் தளம் செய்தேன். இரண்டாம் நாளே வேலந்தாவளத்திலிருந்து மாமா அழைத்தார். “புது பஸ் ஒன்றைச் சேர்க்கப் போனால், ‘புதிது’ என்ற ஊருக்கு பஸ் இல்லை என்கிறது. அது எங்கே இருக்கிறது, மாப்பிள்ளை?”

பிழை என்னுடையதுதான். யூஆர்எல் (பக்க முகவரி) பட்டியலை இப்படி எழுதியிருந்தேன். அம்புக்குறிக்குப் பின்னால் இருப்பது அந்த வரிக்கு வைத்த பெயர்:

பஸ்/<ஊர்>/ → ஊர்_பக்கம்
பஸ்/புதிது/ → பஸ்_சேர்

ஜாங்கோ இதை மேலிருந்து கீழாகப் பார்க்கும்; பொருந்துகிற முதல் வரியோடு நின்றுவிடும். <ஊர்> என்ற இடத்தில் சாய்கோட்டைத் தவிர எது வந்தாலும் ஏற்கும்; ‘புதிது’ என்பதையும் ஊராகவே எடுத்துக்கொண்டது. ‘சித்தூர்’ என்று கேட்டதுமே, பாலக்காட்டுச் சித்தூரா ஆந்திரச் சித்தூரா என்று விசாரிக்காமல் ஏறி உட்கார்ந்துவிடுகிற ஆள் அது.

வரிகளை உடனே இடம் மாற்றக் கை பரபரக்கும். பொறுங்கள். முதலில் சோதனையை எழுதி, அது தோற்பதைக் கண்ணால் பாருங்கள். ஒருமுறையும் தோற்காத சோதனையை நான் நம்புவதில்லை.

டெஸ்ட்ஸ்.பை கோப்பில் சிம்பிள்டெஸ்ட்கேஸை அடிப்படையாக வைத்து ஒரு வகுப்பு தொடங்குங்கள். தரவுத்தளம் இதற்குத் தேவையில்லை. உள்ளே எழுத வேண்டியதை ஒலிப்படியே தருகிறேன். இதில் வரும் ரிசால்வ், ஒரு முகவரி எந்த வரிக்குப் போய்ச் சேரும் என்று சொல்லும். கட்டளைச் சொற்களை நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்:

டெஃப் டெஸ்ட்_புதிது(செல்ஃப்):
    விடை = ரிசால்வ்("/பஸ்/புதிது/")
    செல்ஃப்.அசர்ட்ஈக்வல்(விடை.யூஆர்எல்_நேம், "பஸ்_சேர்")

சோதனையின் பெயர் ஆங்கில எழுத்தில் ‘டெஸ்ட்’ என்றே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஜாங்கோ அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். எல்லாம் சரியென்று நீங்களும் தூங்கப் போய்விடுவீர்கள்.

‘பைத்தான் மேனேஜ்.பை டெஸ்ட்’ என்று ஓட்டினால், ‘ஊர்_பக்கம்’ வேறு, ‘பஸ்_சேர்’ வேறு என்று திரை புகார் சொல்லும். இப்போது ‘புதிது’ வரியை மேலே ஏற்றி மறுபடி ஓட்டுங்கள். ஓகே வரும். அதே கையோடு ‘/பஸ்/சித்தூர்/’ இன்னமும் ஊர்_பக்கத்துக்கே போகிறதா என்று இன்னொரு சோதனையும் சேர்த்துவிடுங்கள்.

பலர் பக்கத்தைத் திறந்து, 200 (பக்கம் சரியாகத் திறந்தது என்ற குறியீடு) வந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். மாமாவுக்கு வந்ததும் 200தான்! ‘பஸ் இல்லை’ என்று சொன்ன பக்கம் ஒழுங்காகவே திறந்தது. ரிவர்ஸும் இங்கே உதவாது. பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தருவது அதன் வேலை, ஆகவே வரிசை தப்பாக இருந்தாலும் சரியான முகவரியையே நீட்டும். பதில் சொன்னது யார் என்று கேட்பது ரிசால்வ்தான்.

தளம் கட்டும் மற்றக் கருவிகளான ரெயில்ஸிலும் எக்ஸ்பிரஸிலும் இதே மேலிருந்து கீழ்க் கணக்குதான். பிளாஸ்க் அப்படியல்ல, நிலையான முகவரிக்கு அதுவே முன்னுரிமை கொடுத்துவிடும்.

“<ஸ்லக்:ஊர்> என்று போட்டால் வரிசையைத் தொடவே வேண்டாமே” என்றார் நண்பர் ஒருவர். உண்மைதான். ஸ்லக் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். தமிழில் எழுதிய ‘புதிது’ அதற்குள் நுழையாது. சித்தூரும் நுழையாது. இரண்டு சித்தூருக்கும் 404 (‘பக்கம் இல்லை’) தான்.