முதல் மஸ்கி மாட்டாமல் போவது எதனால்?

போன மாதம் ஒன்ராறியோவின் பிஜன் ஏரியில் எங்கள் படகுக்குப் பக்கத்தில் இரண்டு தம்பிமார் மஸ்கி என்கிற பெரிய வேட்டை மீனுக்குத் தூண்டில் எறிந்துகொண்டிருந்தார்கள். பாசித்திட்டின் விளிம்பை ஒட்டி அருமையாக எறிந்தார்கள். ஆனால் லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) படகுக்கு ஐந்தடி தூரத்தில் வந்ததும் வெடுக்கென்று தூக்கி, அடுத்த எறிவுக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொரு முறையும் அப்படியே. நானும் இரண்டு வருடம் அதையே செய்து ஒரு மஸ்கியும் இல்லாமல் வீடு திரும்பியவன். பார்க்கப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

லைசன்ஸ், முடிச்சு எல்லாம் கடையில் கேட்டாலே சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன். மஸ்கியைத் தவறவிட வைக்கும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

படகடியில் லூரைத் தூக்கிவிடுவது

மஸ்கிக்கு ஒரு குணம் உண்டு. பல நேரம் லூரைக் கண்டவுடன் கவ்வாது. ஒரு சாண் பின்னால் மூக்கை வைத்துக்கொண்டு படகு வரைக்கும் கூடவே வரும். நேராக வந்த லூர் சட்டென்று திரும்பினால், தப்பப் பார்க்கிற மீன் என்று பாய்ந்து அடிக்கும். அந்தத் திருப்பத்தைக் கொடுக்கத்தான் படகடியில் எட்டுப் போடுவது.

தூண்டில் கம்பின் நுனிக்கும் லீடருக்கும் (மீனின் பல் லைனை அறுக்காமல் லூருக்கு முன்னால் கட்டும் உறுதியான துண்டு) இடையில் ஓரடி லைன் இருக்கும்போதே ரீலைச் சுற்றுவதை நிறுத்துங்கள். நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, லூரின் வேகம் குறையாமல் பெரிய 8 ஒன்றை வரையுங்கள். வளைவு அகலமாக இருக்கவேண்டும். நாலடி நீள மீன் சின்ன வட்டத்தில் திரும்பாது. லூரைத் தவறவிட்டு விலகிப் போய்விடும். மூன்று, நான்கு சுற்றாவது போடுங்கள். மீன் தெரிந்தால் நின்று பார்க்கத் தோன்றும். கை நின்றால் மீனும் போய்விடும்.

என் இரண்டாவது வருட ஒக்டோபரில், மப்பும் மந்தாரமுமான ஒரு பின்னேரம், செம்மஞ்சள் பக்டெயில் (மயிர் வால் வைத்த லூர்) ஒன்றைத் தண்ணீரிலிருந்து தூக்கினேன். அதற்கு நேர் கீழே திறந்த வாயோடு ஒரு தலை மேலே வந்தது. லூர் இல்லை. வாயை மூடிக்கொண்டு, செவுள் மட்டும் அசைய, என் முன்னால் ஒரு கணம் அப்படியே நின்றது. விலாவில் இருந்த கரும்பட்டைகளை எண்ணியிருக்கலாம். பிறகு மெல்லத் தாழ்ந்து போனது. அடுத்த மீனுக்கு முழுதாக ஒரு வருடம் காத்திருந்தேன்.

“மீன் வந்தால் எட்டுப் போடுறன் அண்ணை” என்று அந்தத் தம்பிமாரில் ஒருவர் சொன்னார். எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இந்தப் பேச்சில்தான். கலங்கிய தண்ணீரில், மூன்றடி ஆழத்தில் வரும் மீன் எப்படித் தெரியும்? என் முதல் மஸ்கி இருட்டுகிற நேரத்தில், ஒன்றுமே தெரியாத தண்ணீரில், மூன்றாவது சுற்றில் அடித்தது. மஸ்கியைப் பத்தாயிரம் எறிவின் மீன் என்பார்கள். எட்டுப் போடாத எறிவை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கம்பை மேலே தூக்கி இழுப்பது

படகடியில் அடிக்கும்போது மேலே தூக்கினால் தூண்டில் முள் வாயிலிருந்து கழன்று வரும். பக்கவாட்டில் வீசி இழுங்கள்.

மழுங்கிய முள்

மஸ்கியின் வாய் முழுக்க எலும்பு. முள்ளை நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் அரம் போடுங்கள்.

லீடர் இல்லாமல் எறிவது

வேண்டவே வேண்டாம்.

பிடித்தபின் என்ன செய்வதென்று யோசிக்காமல் போவது

ரப்பர் பூசிய பெரிய வலை, நீள மூக்குக் குறடு, முள் வெட்டும் கட்டர் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முள்ளைக் கழற்றும்வரை மீன் வலைக்குள், தண்ணீரிலேயே கிடக்கட்டும். படம் எடுக்க வேண்டுமென்றால் வயிற்றைத் தாங்கிக் கிடையாகத் தூக்கி, சில விநாடியில் திரும்ப விட்டுவிடுங்கள். 1988 இல் கென் ஓபிரையன் ஜோர்ஜியன் குடாவில் பிடித்த மஸ்கி 65 இறாத்தல். அந்த அளவுக்கு வளர இருபது வருடத்துக்கு மேல் வேண்டும்.

அப்புறம், கோடையில் ஒரு வெப்பமானியும் கொண்டு போங்கள். தண்ணீர் 27 பாகை செல்சியஸைத் தொட்டால், உயிரோடு விட்ட மஸ்கியும் களைப்பில் பிறகு செத்துப்போகலாம். அன்றைக்கு பாஸ் மீனுக்கு எறியுங்கள்.